வலிக்குது சார்!

தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே மிகப் பிரபலமான வலி நோயாளி யார் தெரியுமோ? கடலூர்க்காரர். காலம், 7-ம் நூற்றாண்டு. பண்ருட்டி பக்கம் திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பட்டத்தோடு பாடலிபுத்திரத்தில் பெரிய ஆளாக இருந்தவர். பாடலிபுத்திரம் என்றதும் பீகாருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இது நம்ம திருப்பாதிரிப்புலியூர். கடலூர் டவுனுக்குள்ளேயே இருக்கிறது.

அவருக்கு வயிற்றில் சூலை நோய் வந்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை. பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் நாடே கொண்டாடப்போகிற மனிதரைச் சுருட்டிக் கீழே போட்ட வலி.

இதற்குக் கேஸ் ஷீட் எழுதியவர் 12-ம் நூற்றாண்டுச் சேக்கிழார். தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்துதான் பெரிய புராணத்தைப் பாடி அரங்கேற்றினார் என்பது மரபு. ஆக, நோயாளி கடலூர், கேஸ் ஷீட் சிதம்பரம். நடுவில் சுமார் 45 கிலோமீட்டரும், ஐந்நூறு வருஷமும்.

சேக்கிழார் சொல்கிற வைத்தியத்தைக் கேளுங்கள். கூட இருந்த துறவிகள் கமண்டலத் தண்ணீரை மந்திரித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். மயில்பீலியால் உடம்பைத் தடவிக் கொடுத்தார்கள். வலி இறங்கவில்லை, ஏறியது. கடைசியில் 'இது நம்மால் ஆகாது' என்று கைவிட்டார்கள். (சேக்கிழார் சைவர். சமணர்களைப் பற்றி எழுதும்போது அவர் எழுத்தாணி எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்த விஷயம். ஆனாலும் அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தார்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.)

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், எண்ணெய்க் கட்டு, ஊசிக் குத்து எல்லாம் முடித்து, கடைசியில் ஒருவர் ரிப்போர்ட்டை மடித்துக் கையில் கொடுத்து, "எல்லாம் நார்மல்தான், டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவைப்பார். பதின்மூன்று நூற்றாண்டில் மயில்பீலி போய் ஸ்கேன் வந்திருக்கிறது. கைவிடும் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

*

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். கற்பனை ஆசாமிதான். சிதம்பரத்தில் வீடு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலி. வயசு முப்பத்திரண்டு. ஒரு நாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிகிறார். இடுப்பில் 'பளிச்'. அவ்வளவுதான். பேனா கீழேயே கிடக்கிறது.

இதில் அவர் தனி ஆள் இல்லை. 2020-ல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதின்மூன்று பேருக்கு ஒருவர். ஒரு டவுன் பஸ்ஸில் ஃபுட்போர்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஐந்தாறு பேர்.

அடுத்தது இலவச ஆலோசனை. பக்கத்து சீட்காரர், "தரையில படுங்க சார்." பின் சீட்காரர், "தரையிலயா? கட்டாந்தரையில படுத்தா வாயு புடிச்சுக்கும். பலகையில படுங்க." கண்டக்டர், "எங்க மச்சானுக்கும் இதே மாதிரிதான் சார். பெல்ட் போட்டான், சரியாப் போச்சு." பெல்ட் வாங்கப்படுகிறது. சட்டைக்குள் பெல்ட்டோடு நம்ம ஆள் ஆபீசுக்குள் நுழையும்போது மல்யுத்தத்துக்குக் கிளம்பிய மாதிரி இருக்கிறது. வலி பெல்ட்டுக்குள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த பெல்ட் சமாசாரத்தை முதலில் தீர்த்துவிடலாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வழக்கமான சிகிச்சைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பட்டியலில் பெல்ட் இருக்கிறது. எடை கட்டி இழுக்கும் 'டிராக்ஷன்' இருக்கிறது. அபின் வகை வலி மருந்துகள் இருக்கின்றன. செய்யலாம் என்ற பட்டியலில் இருப்பவை உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனப் பயிற்சி, மசாஜ் போன்றவை. கடையில் விற்க முடியாததாகப் பார்த்து எடுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

*

பெல்ட்டுக்கு அடுத்த கட்டம் எம்.ஆர்.ஐ. அதில் ஒரு வரி வரும்: 'டிஸ்க் பல்ஜ்'. அதைப் படித்ததிலிருந்து நம்ம ஆள் நடக்கும் விதமே மாறிவிடும். முதுகுக்குள் கண்ணாடிப் பாத்திரம் இருக்கிற மாதிரி நடப்பார். பையனைத் தூக்க மாட்டார். குடம் எடுக்க மாட்டார். "எனக்கு டிஸ்க் இருக்கு" என்பார். டிஸ்க் எல்லோருக்கும்தான் இருக்கிறது சார்.

2015-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை வயசு வாரியாகப் பார்த்தார்கள். இருபது வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. எண்பது வயதில் 84 பேருக்கு. டிஸ்க் தேய்மானம் இருபதில் 37 பேருக்கு, எண்பதில் 96 பேருக்கு. நினைவிருக்கட்டும், யாருக்கும் வலி கிடையாது! தலை நரைப்பது போல, டிஸ்க்கும் உள்ளே நரைக்கிறது. ஸ்கேன் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று ஆகாது.

அப்படியானால் வலி எங்கே இருக்கிறது?

1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குட்டிச் செய்தி வந்தது. 29 வயசுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலேயிருந்து குதித்தார். பதினைந்து சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி கொஞ்சம் அசைந்தாலே அலறல். பலமான மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆணியைப் பிடுங்கினார்கள். பூட்ஸைக் கழற்றினால், காலில் ஒரு கீறல் கிடையாது. ஆணி இரண்டு விரலுக்கு நடுவில் போயிருக்கிறது!

'நடித்திருக்கிறான்' என்று சிரிக்கக் கூடாது. வலி நிஜம். கண் ஆணியைப் பார்த்தது, மூளை கணக்குப் போட்டது, வலியை உற்பத்தி செய்தது. எல்லா வலியும் இப்படித்தான். உடம்பிலிருந்து வருவது சேதி மட்டும். அதை வலியாக ஆக்குவது தலைமைச் செயலகம். பழைய பயம், தூக்கமின்மை, கடன், மேனேஜர் முகம் எல்லாமே அந்த ஃபைலில் நோட் எழுதும்.

திருடன் வந்தால் குரைக்கிற நாய் நல்ல நாய். புது வலி அப்படித்தான். கை சுட்டால் இழுக்கச் சொல்கிறது, எலும்பு உடைந்தால் அசையாதே என்கிறது. ஆனால் திருடன் போய் ஆறு மாதம் கழித்தும், பால்காரருக்கு, தபால்காரருக்கு, தெருவில் விழுந்த இலைக்கெல்லாம் நாய் குரைத்தால்? கோளாறு இப்போது வாசலில் இல்லை, நாயிடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். சிலருக்கு மூட்டுவாதம், சர்க்கரையால் நரம்புக் கோளாறு என்று திருடனும் வீட்டுக்குள்ளேயே இருப்பான். அவனையும் பிடிக்க வேண்டும், நாயையும் பழக்க வேண்டும். வேறு பலருக்கு நாயைப் பழக்குவதுதான் வைத்தியமே.

*

இந்த இடத்தில் மயில்பீலிக்கு ஒரு நியாயம் செய்துவிடலாம். அடிபட்ட இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, ஏன்? 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தண்டுவடத்தில் லெவல் கிராசிங் மாதிரி ஒரு கேட் இருக்கிறது. தடவுகிற சேதி ரயில் மாதிரி போகும்போது, வலிச் சேதி கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். ரயில் போனதும் கேட் திறந்துவிடும். தைலம், ஒத்தடம், பீலி எல்லாம் இந்த வகை. அந்த நேரத்துக்கு நல்லது. ஆனால் நாள் பூராவும் ரயில் விட முடியாது.

அதே மெல்சாக் 1975-ல் இன்னொரு காரியம் செய்தார். வலியை விவரிக்கும் ஆங்கிலச் சொற்களில் 78-ஐப் பொறுக்கி, 20 பிரிவாக்கி, டாக்டர்களுக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். சுடுகிற மாதிரியா, குத்துகிற மாதிரியா என்று நோயாளியைக் கேட்க. நம்ம சேக்கிழார் சூலையை நெருப்பு, விஷம், இடி எல்லாம் சேர்ந்தாற்போல் என்று எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டார். தமிழில் நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, உளைச்சல், விண்விண், சுருக்சுருக். இவ்வளவையும் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "வலிக்குது சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

முழுசாகச் சொல்லுங்கள். அதில் லாபம் இருக்கிறது. எரிச்சல், கரண்ட் அடிப்பது, மரத்துப்போவது, ஊசி குத்துவது என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. மருந்தே வேறு. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளைச் சிறிய அளவில் தருவார்கள். வலிப்பு நோய்க்குத் தரும் சிலதையும் தருவார்கள். மாத்திரை அட்டையைக் கூகிளில் தேடிப் பார்த்துவிட்டு, "என்னை மெண்டல்னு நெனச்சுட்டாரா?" என்று குப்பையில் போடுபவர்கள் உண்டு. அப்படி இல்லை. நாயின் குரலைக் குறைக்கிற மருந்து அது.

*

சாதா வலி மாத்திரையைப் பற்றி ஒரு சோகக் கதை. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. காரணம் 2004-ல் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக். மாடு செத்தது, கழுகு தின்றது, கழுகின் சிறுநீரகம் பழுதானது. 2006-ல் அதைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவில் தடை வந்தது. அதே டைக்ளோஃபெனாக்தான் நம்ம ஆளின் மேஜை டிராயரில் இருக்கிறது. நாம் கழுகு இல்லைதான், நம் உடம்பு அதைத் தாங்கும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு. மாதக்கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, பி.பி., சிறுநீரகம் என்று வரிசையாகப் பில் வரும். மெடிக்கல் ஷாப்பில், "வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று காகிதத்தில் மடித்து வாங்கும் மாத்திரைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பது இதைத்தான்.

சரி, ரெஸ்ட் எடுக்கலாமா? ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம், நம்ம ஆள் மாதிரி ஆசாமிகளிடம்தான், இதைச் சோதித்தார்கள். 1995-ல் முடிவு வந்தது. திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் படுக்கை. ஒரு கூட்டத்துக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு, 'முடிந்த அளவு உங்கள் வழக்கமான வேலையைப் பாருங்கள்.' சீக்கிரம் தேறியது மூன்றாவது கூட்டம். மெதுவாகத் தேறியது படுத்த கூட்டம். மெடிக்கல் லீவ் எழுதி வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

நடை? ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து ஒரு சோதனை நடந்து, 2024-ல் வெளியானது. பாதிப் பேருக்குப் படிப்படியாக நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குறி, அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். மற்றவர்களுக்கு வேலையைக் கெடுக்கும் வலி 112 நாளில் திரும்பி வந்தது என்றால், நடந்தவர்களுக்கு 208 நாள் ஆயிற்று. செலவு, ஒரு ஜோடி செருப்பு. கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதி இருக்கிறது. தேரே சுற்றுகிறது, நாம் சுற்ற முடியாதா?

ஒரு சூட்சுமம் மட்டும். வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடித்து, பீரோவை நகர்த்தி, பரணை ஒழித்து, திங்கள் முதல் வியாழன் வரை படுத்துக்கிடக்கக் கூடாது. நல்ல நாளிலும் பத்து நிமிஷம், கெட்ட நாளிலும் பத்து நிமிஷம். அடுத்த வாரம் பன்னிரண்டு. நாயைப் பழக்குவது அப்படித்தான். பயிற்சி தெரியாவிட்டால் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி கிடைக்கும். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-ல் ஆரம்பித்தது இப்போது அரசுக் கல்லூரி. நகர முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

சில சமயம் நாய் நிஜத் திருடனைப் பார்த்தும் குரைக்கும். காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கூடவே காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது. இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். மிச்சத்தை வந்து படிக்கலாம்.

*

அப்பருக்கு என்ன ஆயிற்று? எல்லோரும் கைவிட்ட பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது அக்கா திலகவதியார். திருவதிகையில் கோயிலில் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். விட்டுப்போன தம்பி. ஆள் அனுப்பினார். 'அங்கே நான் வரமாட்டேன்' என்று பதில் வந்தது. அவரே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, அந்த வலியோடு, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் போனார்.

அக்கா, 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிக்கவில்லை. 'உனக்கு ஒன்றும் இல்லை' என்றும் சொல்லவில்லை. காலில் விழுந்த தம்பியை எழுப்பி, திருநீறு கொடுத்து, விடியும் முன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே பாடினார், சூலை தீர்ந்தது என்பது புராணம். பக்தர்கள் அதை அருள் என்பார்கள். அதில் நான் கை வைக்கவில்லை. அதற்கப்புறம் அவர் கையில் வந்த உழவாரப் படையை மட்டும் பாருங்கள். ஊர் ஊராக நடந்து, கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியே மிச்ச ஆயுளைக் கழித்தார். எண்பத்தொரு வயசு என்கிறது மரபு. வலி கண்ட உடம்பு படுத்துக்கிடக்கவில்லை.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் ஊரில் சொல்வார்கள். உண்மைதான். வலிக்குத் தர்மாமீட்டர் கிடையாது. ரத்தப் பரிசோதனையில் தெரியாது. வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதைத் தவிர வேறு சாட்சியே இல்லாத வழக்கு அது. அதனால்தான் ஆபீசில், "லீவுக்கு நடிக்கிறான்" என்கிறோம். வீட்டில், "எப்பப் பாரு இதே பாட்டு" என்கிறோம். நம்பாத இடத்தில் வலி இரண்டு மடங்கு கத்தும். நம்பி, பயப்படுத்தாமல், 'வா, கொஞ்சம் நடக்கலாம்' என்று கூப்பிட ஆள் இருந்தால் குரல் தணியும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரில் கை ஊன்றி எழுந்திருக்கும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அம்மா. எவ்வளவு நாளாக வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, குத்தலா குடைச்சலா எரிச்சலா என்று உட்கார்ந்து கேளுங்கள். "அது கெடக்குது, நீ சாப்பிடு" என்பார்.

விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.